சனிக்கிழமைச் சோறு

நார் இன்றைக்கு விரலில் நிற்கவில்லை. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு அரிவுக்கும் ஆள்காட்டி விரலை ஒரு சுற்றுச் சுற்றினால் நார் மோதிரம் மாதிரி தானாகச் சுற்றிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இன்றைக்குப் பாதியிலேயே அறுந்து அறுந்து போகிறது, தண்டு முற்றலா நான்தான் தப்பாக இழுக்கிறேனா தெரியவில்லை. நேற்றுக் காலையில் சந்தையில் நானே நகத்தால் கிள்ளிப் பார்த்து வாங்கினதுதான், இளசுதான், ஆனால் நேற்றுக் காலை என்பதே வேறு யாருக்கோ விடிந்த காலை போல இருக்கிறது. அந்தக் காலையில் நானாக இருந்த சம்பூரணம் தண்டைக் கையில் எடுத்ததுமே பொரியலுக்குப் பாசிப்பருப்பு ஒரு பிடி போதும், தேங்காய் கொஞ்சமாகத் தூவலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தவள், மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட் நன்றாக வரும் என்று நம்பினவள். நறுக்கினதை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறேன், கறுத்துவிடாமல். கறுத்தால் அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பிடிக்காது என்று இன்னும் நினைக்கிறது பார் இந்த மனசு, இதை என்ன செய்வது. வெளி அறையில் அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கம் திருப்புகிற சத்தம் வரவேயில்லை. இரண்டு பேரும் ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, காலையில் நான் ராகிக் கஞ்சி வைத்தேன், அவர் குடிக்கவில்லை, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார், நான் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தப் பெண் என்மேல் பழி போட்டதுதான் முதலில் வலித்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்று உட்கார்ந்திருக்கிற பெண், கண்ணாடி போட்ட சின்னப் பெண், என் மகள் கோகிலா வயதுதான் இருக்கும். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கோகிலா வயதா, கோகிலாவை விட உயரமா என்று பார்ப்பதே இந்த நாலு வருடமாக எனக்கு வேலை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சக்கரையோட மூணு மாசச் சராசரி ஒன்பதத் தாண்டிருச்சும்மா. போன தடவ நல்லாத்தான இருந்துச்சு? வீட்டுல ஐயாவுக்கு என்னதாம்மா குடுக்குறீங்க?" என்றாள். நான் சொன்னேன். காலையில் ராகிக் கஞ்சி, இல்லாவிட்டால் கம்பு தோசை, வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானம் வரகு இல்லை சாமை, கூட அதைப்போல ரெண்டு பங்கு காய், அவரை, புடலை, வாழைத்தண்டு, ஏதாவது ஒரு கீரை தினமும், ராத்திரி கொள்ளுப் பருப்பு, பழமென்றால் கொய்யாக்காய் மட்டும், அதுவும் பாதி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி கேட்டது. அவள் பேனாவை மூடிவிட்டு, "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க, ஆனா ரிப்போர்ட் வேற மாதிரி இருக்கே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அப்புறம் எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், நார்ச்சத்து இருக்கிற சாப்பாடென்றால் சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் இறங்குமாம், வெறும் வெள்ளைச் சோறென்றால் ஒரேயடியாக ஏறிவிடுமாம். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் பக்கத்து நாற்காலியில் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவர் காலில் செருப்பு சரியாக ஏறாமலே நடக்கத் தொடங்கினார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பு நழுவினால்கூடத் தெரியாது, நான்தான் குனிந்து சரி பண்ணினேன். அழுதுகொண்டேதான் பண்ணினேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம். ஈரோட்டு வெயில் முழுக்க அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் சமையலில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன், வரகை ரொம்பத் தீட்டினதாக வாங்கிவிட்டேனா, எண்ணெய் கூடிப் போயிற்றா, கொள்ளில் புளி அதிகமா. அப்போதுதான் அவர் சொன்னார். "உம்பேர்ல தப்பில்ல புள்ள." அழுகைக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். "நான் கோகிலா வீட்டுல சாப்புடறேன்" என்றார். நான், "எந்தக் கோகிலா?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். எனக்குத் தெரிந்த கோகிலா ஒருத்திதான், அவளை நானே பெற்றேன், ஆனாலும் எந்தக் கோகிலா என்றுதான் வாயில் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதில்தான் எனக்கு உறைத்தது. கண்டக்டர் வந்து சில்லறை கேட்டார், இவர் கொடுத்தார், யாரோ ஒரு குழந்தை பின்னால் அழுதது. "சனிக்கெழம சனிக்கெழம பவானிக்குப் போவேன். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பக் கொஞ்ச நாளா எடையில எடையிலயும் போறேன்" என்றார். சனிக்கிழமை பெருமாள் கோயில். அதுதான் அவர் எனக்குச் சொன்னது. சனிக்கிழமை காலையில் நான் அவருக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைப்பேன், துளசி வாங்கக் காசு எடுத்துக்கோங்க என்பேன், கோயிலில் பொங்கல் புளியோதரை கொடுத்தால் வாயில் போட்டுவிடாதீங்க, கண்ணில் ஒற்றிக்கொண்டு யாருக்காவது கொடுத்துவிடுங்க என்று வாசல்வரை சொல்லி அனுப்புவேன். சரி புள்ள, சரி புள்ள என்று போவார். நடுவில் மற்ற நாளில் பென்சன் சங்கத்தில் கூட்டம் என்பார். நான் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகக்கூடாது என்று சொன்னவர் யார், அதுதான் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது, நாரை இழுக்க இழுக்க இன்னும் நார் வருகிற மாதிரி. கோகிலா தனக்குப் பிடித்த பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று தெரிந்த அன்றைக்கு, இன்பராஜ் என்று பெயர், வேற ஆளுங்க, நல்ல பையனா கெட்ட பையனா என்றுகூட எனக்குத் தெரியாது, ஒரு தடவை தெருமுனையில் பைக்கில் பார்த்திருக்கிறேன் அவ்வளவுதான், அன்றைக்கு இதே வெளி அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்தான் சொன்னார். "அவ இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. இங்கிருந்தும் யாரும் போகக் கூடாது. போகோணும்னா என்ற பொணத்தத் தாண்டித்தான் போகோணும்." சொல்லும்போதே மூச்சு வாங்கியது. அதற்கு முந்தின வருடம்தான் காலில் செருப்புக் கடித்த புண் மாசக்கணக்கில் ஆறாமல் கிடந்து சர்க்கரை என்று கண்டுபிடித்திருந்தார்கள், ரத்தக்கொதிப்பும் கூட இருக்கிறது, அதிர்ச்சி தருகிற எதுவும் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். நான் பயந்தேன். அவர் கோபத்துக்கு நான் என்றைக்கும் பயந்தவளில்லை, அவர் உடம்புக்குப் பயந்தேன். சர்க்கரையை ஒளித்து வைத்தேன், பொன்னி அரிசி மூட்டை வந்து இறங்குகிற மூலையைக் கழுவி வரகுக்கும் சாமைக்கும் டப்பா வைத்தேன், அவர் மட்டும் தனியாக இதைச் சாப்பிட்டால் மனசு விட்டுவிடுவார் என்று நானும் சோற்றை விட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை ஒன்றுமில்லை. "மாட்டுத் தீவனம்" என்று முதல் நாள் தட்டைத் தள்ளினார். நான் எதிரில் உட்கார்ந்து அதையே பிசைந்து சாப்பிட்டுக் காட்டினேன். நாலு தீபாவளிக்கு இந்த வீட்டில் வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுடவில்லை. அரிசி, வெல்லம் மாதிரியே அவள் பெயரையும் இந்த வீட்டுக்குள் வர விடாமல் வைத்துக்கொண்டேன், எல்லாம் ஒரே காரணத்துக்காக, அவர் நன்றாக இருக்க வேண்டும். போன் ஒன்றுதான் வீட்டுக்கு, அது அவர் சட்டைப்பையில். சொந்தத்தில் எவரும் என்னிடம் அவள் பேச்சை எடுப்பதில்லை. அவள் பவானியில் இருக்கிறாள் என்பதே நேற்று பஸ்ஸில்தான் எனக்குத் தெரியும். பவானி. இங்கிருந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடுகிற ஊர்.

வரகு ஊறிவிட்டது. அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். ஒன்றுக்கு இரண்டரை. இரண்டரை டம்ளர் ஊற்றும்போது கை நிற்கிறது. ஒன்றுக்கு இரண்டரை என்று நான் யாருக்கோ சொல்லியிருக்கிறேன், வாய்விட்டு, சந்தோஷமாக. யாருக்கு? அவருக்குத்தான். போன ஆடியில். இந்த நிலைப்படியில் வந்து சாய்ந்து நின்றுகொண்டு, "வரகுக்கு எவ்வளவு தண்ணி வெப்ப புள்ள?" என்று கேட்டார். அடுப்படிப் பக்கமே வராத மனுசர். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் எல்லாம் சொன்னேன், ஒன்றுக்கு இரண்டரை, கொதி வந்ததும் தணலைக் குறைத்து மூடி வைக்கோணும், முந்தின ராத்திரி ஊறினால் வயிற்றை ஒன்றும் செய்யாது. மறு வாரம் கொள்ளு ரசம் எப்படி என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரம், எந்தக் கீரை தினமும் சாப்பிடலாம், எதில் இரும்புச்சத்து கூட. நான் என்ன நினைத்தேன், கடைசியில் இந்த மனுசருக்குத் தன் உடம்பின்மேல் அக்கறை வந்துவிட்டது, இத்தனை வருடம் நான் ஆக்கிப் போட்டதை இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார் என்று. அன்றைக்கெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். ஒரு நாளாவது அவர் சமைத்தாரா? இல்லை. பின்னே எதற்குக் கேட்டார்? கோகிலாவுக்கா? கோகிலா எதற்கு வரகு சாப்பிட வேண்டும், கம்மங்கூழ் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள், நெய்ச்சோறும் ரசமும் போதும் அவளுக்கு, முப்பதுகூட ஆகவில்லை. இரும்புச்சத்து. இரும்புச்சத்து யாருக்கு வேண்டும்? தண்ணீர் கொதித்துவிட்டது. அப்பனுக்கு இருப்பதால் மகளுக்கும் வந்துவிட்டதா, இந்த வயதிலா, ஐயோ அந்தக் கால்களுக்கும் உணர்ச்சி போய்விடுமா, கொலுசு போட்ட கால், மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிற கால். வரகைப் போடாமல் அடுப்பை அணைக்கிறேன். "ஏனுங்க, இங்க வாங்க" என்கிறேன். இந்த வீட்டில் நேற்றிலிருந்து பேசின முதல் வார்த்தை.

வந்து நிற்கிறார், அதே நிலைப்படியில். சவரம் பண்ணவில்லை. "வரகு எப்படி ஆக்கறதுன்னு எங்கிட்டக் கேட்டது யாருக்குங்க?" அவர் தரையைப் பார்க்கிறார். "கோகிலாவுக்கு." "அவளுக்கு எதுக்கு?" "சக்கரை இருந்துச்சு அவளுக்கு." இருந்துச்சு என்கிறார், இருக்கு என்று சொல்லவில்லை. "இருந்துச்சுன்னா?" "மாசமா இருந்தா புள்ள. மாசமா இருக்கறப்ப சில பேருக்கு வருமாம். சாப்பாட்டுல கட்டுப்படுத்தோணும், நார்ச்சத்தா சாப்புடோணும்னு டாக்டரு சொன்னாங்களாம். அவளுக்கு ஒண்ணும் தெரியல. அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கப்பான்னா." மாசமாக இருந்தாள். என் கோகிலா மாசமாக இருந்திருக்கிறாள். என் கையால் எதுவும் போய்ச் சேரவில்லை, வெறும் தண்ணீர்க் கணக்கு போயிருக்கிறது, ஒன்றுக்கு இரண்டரை என்று என் வார்த்தை பஸ் ஏறிப் போயிருக்கிறது. "கொழந்த?" என்கிறேன். அவர் நிலைப்படிக் கட்டையைப் பிடித்துக்கொள்கிறார். "எட்டாம் மாசத்துல அசைவு இல்லைன்னு போனாங்க. பையன். ஐப்பசியில." ஐப்பசி. அடைமழை பிடித்துக்கொண்ட ஐப்பசி. அதில் ஒரு நாள் ராத்திரி இவர் நனைந்து வந்தார், வீட்டுக்குள் வராமல் புறக்கடைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்கிற மாதிரி. நான் ஓடிப்போய் வெந்நீர் வைக்கிறேன் இருங்க, குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீங்க என்றேன். யாரு தவறிட்டாங்க என்றேன். கோயில்ல பழக்கமான ஒரு ஆளு வீடு என்றார். வயசானவங்களா என்றேன். இல்ல என்றார். ஐயோ பாவம், பெத்தவங்க இருக்காங்களா என்றேன். இருக்காங்க என்றார். அதுக்கு மேலே கேட்காமல் நான் கொள்ளு ரசம் சூடு பண்ணிக் கொடுத்தேன், துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டேன். யார் பெற்ற பிள்ளைக்கோ என்று ஐயோ பாவம் சொன்னேன். என் பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அவ என்னையக் கேக்கலீங்களா?" இதுதான் நேற்றிலிருந்து உள்ளே கிடந்தது, இதைக் கேட்கப் பயந்துதான் ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கேட்கவில்லை என்று சொன்னால் செத்துப் போவேன் என்று நினைத்தேன். "கேட்டா" என்கிறார். "ஆஸ்பத்திரியிலயும் கேட்டா. அம்மாவ ஒருக்கா வரச்சொல்லுங்கப்பான்னு." "நீங்க என்ன சொன்னீங்க?" நிலைப்படிக் கட்டையை நகத்தால் சுரண்டுகிறார். "என்னங்க சொன்னீங்க?" அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருக்கிறது. "உனக்குக் கோவம் இன்னும் தீரலைன்னு சொன்னேன்." எனக்கா. கோபம் எனக்கா. "ஏன்?" என்கிறேன். என் குரல் சின்னதாக இருக்கிறது. "பஸ் ஸ்டாண்டுல ஒரு நா எதுக்க வந்துட்டா புள்ள. அப்பான்னு கையப் புடிச்சுக்கிட்டா. உதற முடியல. அப்படியே கூடப் போயிட்டேன். ஊட்டுக்கு வந்து உங்கிட்ட எப்படிச் சொல்றது? போகக்கூடாதுன்னு சொன்னவனே நாந்தான. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அம்மா ஏம்ப்பா வரலைன்னு அவ கேக்கறப்ப, நான் சொல்லவேயில்லைன்னு சொல்ல வாய் வரல." "அவ அந்த நெலமையில இருக்கறப்பக்கூடவா?" "அப்பச் சொன்னா நீ தாங்குவியான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார். "அதுக்கப்பறம் அவ யாருகூடவும் பேசறதில்ல. நான் போனா மட்டும் எந்திரிச்சு சமைப்பா. எனக்கு சக்கரை சரியாயிருச்சு, உங்கம்மா பாத்துக்கிட்டதுல எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லி வெச்சிருந்தேன். பொன்னிச் சோறு ஆக்கிப் பருப்பும் நெய்யும் ஊத்துவா. ஒப்புட்டு சுட்டு, இன்னொண்ணு வைக்கட்டுமாப்பான்னு பக்கத்துல உக்காந்து நான் திங்கறதையே பாத்துக்கிட்டு இருப்பா. அப்பத்தான் அவ மொகம் கொஞ்சம் தெளியுது. வேண்டாம்னு சொல்ல முடியல புள்ள. அதுக்காகத்தான் அடிக்கடி போனேன். தெரிஞ்சேதான் தின்னேன்."

இவரை என்ன செய்வது. திட்டலாம் என்று பார்த்தால் திட்டுவதற்கு ஆள் பிடிபடவில்லை, மகள் சிரிப்பதற்காக விஷம் மாதிரி சோற்றைத் தின்ற ஆளையா, அந்த மகளிடம் உன் அம்மாவுக்கு நீ வேண்டாம் என்று சொன்ன ஆளையா, இரண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்கள். நிற்கவில்லை, சாய்கிறார். நிலைப்படியைப் பிடித்த கை நழுவுகிறது, உதடு வெளுத்துப் போயிருக்கிறது, விரல்கள் தந்தியடிக்கிற மாதிரி ஆடுகின்றன. கூட்டி எழுதின மாத்திரை, கஞ்சி குடிக்காத வயிறு. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும் இது, இதற்கென்றே மேல் அலமாரியில் கடைசியில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு. டப்பாவை எடுத்துவிட்டேன், மூடியில் கை நிற்கிறது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. ஒரு மூச்சு இருக்கலாம். அந்த மூச்சில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது. அப்புறம் மூடியைத் திறந்தேன், தண்ணீரில் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன், அவர் தலையை என் இடுப்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினேன். "முழுங்குங்க. முழுங்குங்க" என்கிறேன். பாதி மோவாயில் வழிகிறது. தரையில் உட்கார வைக்கிறேன். அவர் கை என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அழுகிறார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்குகிறது. நான் அழவில்லை. நான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன், வரகைக் கொதி தண்ணீரில் போடுகிறேன், தண்டைப் பிழிந்து தாளிக்கிறேன், கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலை போடும்போதுதான் எட்டாம் மாசம் என்றால் குழந்தைக்கு முடி வந்திருக்குமே என்று தோன்றுகிறது. யாரைக் கேட்பது? முடி இருந்ததா, யார் ஜாடை, யார் கையில் வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள். இவரைக் கேட்கலாம், இவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும் இவருக்கு. கேட்க மாட்டேன். அவளிடம்தான் கேட்பேன், இல்லையென்றால் யாரிடமும் இல்லை.

தட்டில் போட்டு அவர் முன்னால் வைக்கிறேன், தரையிலேயே. "சாப்புடுங்க." பிசைந்து சாப்பிடுகிறார். கை ஆட்டம் நின்றுவிட்டது, முகத்தில் ரத்தம் வந்துவிட்டது. பாதி சாப்பிட்டானதும், "அவளுக்கு இப்பவும் சக்கரை இருக்குதுங்களா?" என்கிறேன். "தெரியல. பெத்ததுக்கு அப்பறம் பாக்கச் சொன்னாங்களாம். அவ போகலைன்னு நெனைக்கறேன்" என்கிறார். போகமாட்டாள். அந்த ஆஸ்பத்திரி வாசலை மறுபடி மிதிக்க யாருக்கு மனசு வரும். "போன் போட்டுக் குடுங்க" என்கிறேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார், கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து எடுத்து, தேடாமலே விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, என்னிடம் நீட்டுகிறார். அடிக்கிறது. எடுத்துவிட்டாள். "அப்பா, சொல்லுங்கப்பா, சாப்டீங்களா?" அதே குரல். கொஞ்சம் கட்டியிருக்கிறது, சளி பிடித்த மாதிரி, ஆனாலும் அதே குரல், என் காதுக்குள் நேராக. பின்னால் தையல் மிஷின் ஓடி நிற்கிறது. தையல் கற்றுக்கொண்டாளா, எப்போது. கண்ணு என்று கூப்பிட வேண்டும், அம்மா பேசறேன் என்று சொல்ல வேண்டும், அம்மா என்கிற வார்த்தையை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். "அப்பா?" என்கிறாள். நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். உடனே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ரகசியம் பேசுகிற மாதிரி, பழகிப்போன மாதிரி. "அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா? சரி சரி, வெச்சர்றேன். அப்பறம் கூப்புடுங்க." வைத்துவிட்டாள்.

"மறுக்காப் போடட்டுமா?" என்கிறார் அவர். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். போனில் என்ன சொல்வேன், எத்தனை சொல்வேன், சொன்னால் நம்புவாளா, நம்பினால் அவளுக்கு இருக்கிற ஒரே அப்பனையும் அவளிடமிருந்து பிடுங்கினதாகாதா. அது ஒருபக்கம் கிடக்கட்டும். தூக்குப்போசியைக் கழுவி வரகுச் சோற்றை அதில் போடுகிறேன், மேல் தட்டில் தண்டுப் பொரியல், சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அவள் உடம்புக்கு வேறென்ன எடுத்துக்கொண்டு போவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும், அதையாவது பார்ப்பேன். கதவைத் திறக்காமல்கூட இருக்கலாம். வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், பஸ் இருக்கிறது. புடவையை மாற்றிக்கொண்டு வருகிறேன். அவர் எழுந்து நிற்கிறார். "நானும் வர்றேன் புள்ள. நான் சொல்லிடறேன் அவகிட்ட, எல்லாத்தையும் சொல்லிடறேன்." "சனிக்கெழம நீங்க போறப்பச் சொல்லுங்க" என்கிறேன், "இன்னைக்கு நான் மட்டும் போறேன். வழி சொல்லுங்க." நான் பெற்ற பெண்ணின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன். அவர் சொல்கிறார். தயங்காமல் சொல்கிறார், தினம் நடக்கிற வழியைச் சொல்கிற மாதிரி. "பஸ் ஸ்டாண்டுல எறங்கி அந்தியூர் ரோட்டுல நட. கொஞ்ச தூரத்துல ஒரு மாவு மில்லு வரும். அதுக்கு எதுத்த சந்து. பச்சக் கேட்டு, வெளிய மாடிப்படி இருக்கும், பாத்து ஏறு, கைப்புடி இல்ல. கீழ்ப்படிகிட்ட ஒரு செவலை நாய் படுத்திருக்கும். ஒண்ணும் பண்ணாது, பழகுன நாய்." அவருக்குப் பழகின நாய். என்னைப் பார்த்துக் குரைக்கும். செருப்பை மாட்டுகிறேன்.